அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இன்னும் ஆறே பக்கம்தான். கீழே அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தால் அது பொங்குவதற்குள் முடித்துவிடலாம். சண்முகவடிவுதான் முடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எவ்வளவு விழுமோ அவ்வளவுக்குள் நாற்காலியைப் போட்டு, காலைக் குறுக்கி, மடியில் அந்தக் குண்டு நாவலை விரித்து, அறுநூற்று ஆறாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எதிர்வீட்டு முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் எட்டு முழ வேட்டியில் காலையில் பிழிந்த கூழ் வத்தல். மே மாசத்துப் பாளையங்கோட்டை வெயிலுக்கு வத்தல் காய்வது ஒரு விஷயமா, மத்தியானத்துக்கே மேல்பக்கம் மொறுமொறுவென்று ஆகிவிடும். காக்காயும் காற்றும்தான் தொல்லை. காற்றில் வேட்டி சுருண்டுவிடாமல் இருக்க நாலு மூலைக்கும் பாரம் வைக்க வேண்டும். செங்கல்லை வைத்தால் செம்பொடி ஒட்டுகிறது என்று புத்தகங்களைப் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தாள். நாலும் நல்ல கனம். நாலும் வருஷத்துக்கு ஒன்றாக வாசிப்புச் சவாலுக்கு என்று வாங்கியவை, நாலிலும் அவள் பாதியைத் தாண்டினதில்லை. "பரவால்ல வடிவு, நம்ம வீட்டுல ஒரு பொருளும் வீணாப் போகல" என்று அவள் புருஷன் ஆவுடையப்பன் காலையில் இவற்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வரும்போது சொன்னார். முகத்தில் சிரிப்பே இருக்காது அந்த மனுஷனுக்கு, சொல்கிறதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவள்தான் கூழைப் பிழிந்துகொண்டே தனியாகச் சிரித்தாள்.

அது ஒரு வியாதிதான், மறைப்பானேன். யாராவது எங்கேயாவது 'பெயர் கொடுக்கலாம்' என்று அறிவிப்புப் போட்டால் சண்முகவடிவின் விரல் சும்மா இராது. மின்வாரியத்தில் பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே ஆபீசில் எந்தப் போட்டிக்கும் முதல் பெயர் அவளுடையதுதான், கோலப் போட்டியில் கலர்ப்பொடி எல்லாம் வாங்கி வைத்துவிட்டு அன்றைக்கு லீவு போட்டவள். ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆள் இல்லை. தினம் வாக்கிங் போகிற சவால், சர்க்கரையை விடுகிற சவால், வாரம் ஒரு புத்தகம், வருஷத்துக்கு ஐம்பது புத்தகம். சேருகிற அன்றைக்கு இருக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது புதுப் புடவை மடிப்புக் கலைக்கிற சந்தோஷம். என்னென்ன படிக்கலாம் என்று யோசிப்பதும், புத்தகக் கடையில் போய் முதுகைத் தடவித் தடவி எடுப்பதும், வீட்டுக்கு வந்து பில்லை ஒளித்து வைப்பதும். முதல் பத்து நாள் பறக்கும். அப்புறம் ஒரு மத்தியானம், எந்த மத்தியானம் என்று சொல்ல முடியாது, படித்த வரியையே திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள். கண் வரியில் இருக்கும், கட்டைவிரல் மிச்சம் இருக்கிற கனத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும். கதையில் ஒருத்தி பிள்ளை பெற்றுக்கொண்டிருப்பாள், இவளுக்கு இந்த அத்தியாயம் எப்போது முடியும் என்று இருக்கும். சவாலில் இல்லாத வேறு புத்தகம் ஒன்று கிடந்தால் அதை எடுத்து ஒரே இருப்பில் முடிப்பாள், அதுவும் நடந்திருக்கிறது. படிக்கச் சொன்னதைப் படிக்க மாட்டேன் என்கிற ஒரு சின்னப் பிள்ளை இந்த வயசிலும் உள்ளே உட்கார்ந்திருக்கிறதே, அதை என்ன செய்ய. வருஷக் கடைசியில் குழுவில் எல்லாரும் சான்றிதழை வைத்துப் படம் போடுவார்கள், இவள் எல்லாருக்கும் பூங்கொத்து அனுப்புவாள். வெட்கமாகத்தான் இருக்கும். ஜனவரி பிறந்ததும் மறந்துவிடும்.

இந்தத் தடவை மட்டும் இப்படி அறுநூற்று ஆறு வரைக்கும் வந்துவிட்டாள். வந்துவிட்டாள் என்றால் அதற்குக் காரணம் டேனியல் தம்பி போட்ட சட்டம். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிற பையன், வாட்ஸ்அப்பில் அந்த வாசிப்புக் குழுவை நடத்துகிறவன். பாதிப் பேர் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்று பார்த்து, கோடைக்கு ஜோடி வாசிப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தான். எல்லாருக்கும் ஒரே நாவல். இரண்டு இரண்டு பேராகச் சீட்டுக் குலுக்கிச் சேர்ப்பான். தினமும் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறோம் என்று ஜோடிக்கு அனுப்ப வேண்டும். முடித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். ஜோடியில் ஒருத்தர் முடிக்காவிட்டாலும் இரண்டு பேருக்கும் சான்றிதழ் கிடையாது. அடுத்த சவாலுக்குப் புதுச் சீட்டு, புது ஜோடி. சில்வர் குண்டானில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பதை வீடியோவே எடுத்துப் போட்டான், நியாயஸ்தன். அடுப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த சண்முகவடிவுக்குத் தன் பெயருக்குப் பக்கத்தில் வந்த பெயரைக் கேட்டதும் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. சண்முகவடிவு, உலகம்மாள். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு எப்படித் தெரியும்.

உலகம்மாள் தென்காசிக்காரி. புருஷன் போய் வருஷமாச்சு, தனியாக இருக்கிறாள். போன வருஷம் வரைக்கும் சண்முகவடிவுக்குச் சம்பந்தி. மகன் சிவராமுக்கு உலகம்மாளின் ஒரே மகள் அபிநயாவைக் கட்டினார்கள், நல்ல விதமாகத்தான் கட்டினார்கள், மூன்று வருஷம் முழுசாக ஓடவில்லை. என்ன சண்டை என்று இரண்டு தாயாருக்கும் இன்றுவரை சரியாகத் தெரியாது. கேட்டால் "எங்களுக்குள்ள ஒத்துவரலம்மா, அவ்வளவுதான்" என்றான் சிவராம். அந்தப் பெண்ணும் அதையேதான் சொன்னதாம். ஒத்துவராதது அவர்கள் இரண்டு பேருக்கு. ஒத்துவந்தது இவர்கள் இரண்டு பேருக்கு. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போன அன்றைக்கு உலகம்மாள் வீட்டு அலமாரியில் அடுக்கியிருந்த பழைய தொடர்கதை பைண்டுகளைப் பார்த்து சண்முகவடிவு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள், பந்திக்குக் கூப்பிட்டது காதில் விழவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மதினி, மதினி என்று தினம் ஒரு போன். குழுவில் அவளைச் சேர்த்துவிட்டதே சண்முகவடிவுதான். சேர்ந்த முதல் வருஷமே ஐம்பதையும் முடித்துச் சான்றிதழ் வாங்கினாள் அந்த மகராசி, அதைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியும் விட்டாள். பிறகு ஒவ்வொரு வருஷமும் வாங்கினாள். எடுத்ததை முடிக்காமல் கீழே வைக்கத் தெரியாதவள்.

அவளைக் கடைசியாகப் பார்த்தது கோர்ட்டில், பிள்ளைகளின் விவாகரத்துக்குப் போன அன்றைக்கு. இதை நினைக்கக் கூடாது என்று சண்முகவடிவு வைத்திருக்கிறாள், ஆனால் வெயிலில் கூழ் வாசனை வந்தால்கூட எப்படியோ அங்கே போய் நிற்கிறது. கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் இரண்டு பக்கத்து ஆட்களும் இரண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பேர் கூப்பிட மத்தியானம் ஆகிவிட்டது. உலகம்மாள் பையைத் திறந்து புளியோதரைப் பொட்டலங்களை எடுத்தாள். தன் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, எழுந்து, இந்தப் பெஞ்சுக்கும் வந்தாள். இவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பிரிக்கிற நாளில் சம்பந்தி வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு வருகிறவள் உலகத்தில் வேறு யார் இருக்க முடியும். பழக்கத்தில் கட்டிவிட்டாள், பாவம், வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்கும், ஆனால் கையில் எடுத்துவிட்டாள், நீட்டியும்விட்டாள். சண்முகவடிவின் பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள், அவள் கண்ணால் ஒரு வெட்டு வெட்டினாள். "பசிக்கல" என்றாள் சண்முகவடிவு. பசித்தது. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை, பசித்தது, அந்தப் புளியோதரையில் கடலைப்பருப்பு மேலாகத் தெரிந்தது, வாங்கித் தின்றிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும். பசிக்கல என்றாளே. உலகம்மாள் பொட்டலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அந்த முதுகு. சவத்தை விடு, என்று சண்முகவடிவு வாய்விட்டே சொன்னாள், தொட்டி மேல் இருந்த காக்காய் தன்னைத்தான் சொல்கிறாள் என்று எழுந்து பறந்தது.

பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அதுதான் வேடிக்கை. அவன் சென்னையில், அவள் பெங்களூரில். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்களாம். போன பொங்கலுக்கு வந்தவன், "நானும் அபியும் இன்னும் பேசிக்கிட்டுத்தாம்மா இருக்கோம், நீயும் அத்தையும் ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டான். அத்தை என்றே சொல்கிறான் அவன், அவனுக்கு நாக்கு கூசவில்லை. அவர்களுக்கு ஃபிரெண்ட்ஸ் என்று ஒரு சொல் இருக்கிறது, அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இவர்களுக்கு என்ன இருக்கிறது. மதினி என்று கூப்பிட இப்போது எந்த உறவும் இல்லை. கூப்பிட்டால், எந்த முறையில் என்னை மதினி என்கிறீர்கள் என்று கேட்டுவிட்டால்? கேட்க மாட்டாள் உலகம்மாள், அப்படிக் கேட்கிற ஆளில்லை. ஆனால் "சொல்லுங்க" என்று சொல்லிவிடலாம். போனை எடுத்து, கேஸ் சிலிண்டர்க்காரனிடம் சொல்வது மாதிரி, "ம், சொல்லுங்க". அந்த ஒரு சொல்லுக்குத்தான் சண்முகவடிவு பயந்தாள். அதற்குப் பயந்து ஒரு வருஷமாக அந்த நம்பரைத் தொடாமல் இருந்தாள். குழுவை விட்டு மட்டும் போகவில்லை. அவளும் போகவில்லை. குழுவில் உலகம்மாள் ஏதாவது புத்தகத்தைப் பற்றி எழுதினால் இவள் நாலு தடவை படிப்பாள், அடியில் கட்டைவிரல்கூடப் போட மாட்டாள்.

சீட்டு விழுந்த அன்றைக்கு "டேனியல்கிட்டச் சொல்லி ஆளை மாத்திக்கோ" என்றார் ஆவுடையப்பன். சொல்கிறேன் என்றாள், சொல்லவில்லை. முதல் நாள் பக்க எண்ணை அனுப்ப வேண்டும். போனை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். 'மதினி' என்று அடித்தாள், அழித்தாள். 'உலகம்மாள் மேடம்' என்று அடித்தாள், அவளுக்கே சிரிப்பு வந்தது, அழித்தாள். 'வணக்கம்' அதைவிட மோசம், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கிற மாதிரி. கடைசியில் ஒன்றும் வேண்டாம் என்று '18' என்று மட்டும் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. '40'. அவ்வளவுதான். எப்போதுமே ஓட்டக்காரிதான் அவள். அன்றைக்கு சண்முகவடிவு ராச்சோறு நன்றாகச் சாப்பிட்டாள். மறுநாள் முப்பத்தொன்று, எண்பது. இப்படியே போயிற்று, ஒரு வார்த்தை கிடையாது, வெறும் எண். ஆனால் எண்ணிலும் மனுஷி தெரிவாள் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. விடிந்ததும் வந்தால் தூக்கம் இல்லை என்று அர்த்தம். மத்தியானம் வந்தால் வீட்டில் வேலைக்காரி வந்திருக்கிறாள். ஒருநாள் '112, குழாயில் தண்ணி வரல' என்று வந்தது, சண்முகவடிவு அந்தத் தண்ணி வராததை எடுத்து எடுத்துப் பார்த்தாள். நாவல் ஆற்றங்கரையில் தோணி விடுகிற ஒரு குடும்பத்தின் கதை. தாயம்மை என்று ஒருத்தி வெள்ளம் வடியட்டும், வடியட்டும் என்று முதல் பக்கத்திலிருந்து காத்துக்கொண்டிருக்கிறாள். இவளும் துணிந்து ஒருநாள் '240, தாயம்மை பாவம்' என்று போட்டாள். 'பாவம்தான், 266' என்று வந்தது. இன்னொரு நாள் தாயம்மையின் மருமகன் தோணியை விற்றுவிட்டு வருகிற இடம். அன்றைக்கு உலகம்மாளிடமிருந்து 'இந்த மாப்பிள்ளைப் பய லேசுப்பட்ட ஆளில்ல' என்று வந்த வேகத்தில் காணாமல் போயிற்று. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று நின்றது. போனில் அவள் செய்தி வருகிற இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த சண்முகவடிவு அதைப் பார்த்துவிட்டாள். அவள் எதற்கு அழித்தாள் என்றும் புரிந்தது, தன் பிள்ளையும் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக இருந்தவன்தானே. வயிறு வலிக்கச் சிரித்தாள். பாவி, நேரில் இருந்தால் இரண்டு பேரும் எப்படிச் சிரித்திருப்போம் என்று நினைத்ததும் சிரிப்பு நடுவழியில் நின்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த எண்ணுக்காகத்தான் படித்தாள். பாதியில் விட்டால் அவளுக்கும் சான்றிதழ் போய்விடும், சட்டம் போட்டு மாட்டுகிறவளுக்குத் தன்னால் போகக் கூடாது என்றுதான் படித்தாள். பிறகு கதையே பிடித்துப் போய்விட்டது, அது வேறு. கதையில் வெள்ளம் வடிய வடிய இவள் மிச்சப் பக்கத்தை எண்ண ஆரம்பித்தாள். முடித்துவிட்டால்? விரலை வைத்துப் படம் எடுத்துப் போட்டால் எல்லாரும் பூங்கொத்து அனுப்புவார்கள், டேனியல் ஜோடியைக் கலைத்துவிடுவான், நாளைக்குக் காலையில் யாருக்கு எந்த எண்ணை அனுப்புவது. காரணமே இல்லாமல் ஒரு எண்ணை அனுப்ப முடியுமா, பைத்தியம் என்று நினைப்பாள். முடிக்காவிட்டால் தன்னால் அவள் தோற்றுப்போவாள். இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றது. முந்தாநாளிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று பக்கம், நாலு பக்கம் என்று சிந்தாமல் சிதறாமல் படித்தாள். வாழ்நாளில் புத்தகம் முடியவில்லையே என்று தவித்தவள் முடிந்துவிடப் போகிறதே என்று தவிக்கிறாள், இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல. இதில் உலகம்மாளும் ஒரு வாரமாக வேகம் குறைந்திருந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் ஓடுகிறவள் நேற்று அறுநூற்று நாலில் நின்றாள். கண்ணில் புரை எடுத்திருப்பதாகக் குழுவில் எழுதியிருந்தாள், கண்தான் படுத்துகிறது. சொட்டு மருந்து விட ஆள் யார் இருக்கிறார்கள் அவளுக்கு, தானே அண்ணாந்து கன்னத்தில் விட்டுக்கொள்வாள். இன்றைக்குக் காலை காபி நேரத்துக்கு எண் வரவில்லை. இட்லி நேரத்துக்கும் வரவில்லை. ஆறு மணியோடு சவால் முடிகிறது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் ஒரு செம்பில் மோரை எடுத்துக்கொண்டு ஏறி வந்தார்.

"காக்கா விரட்டுதியா, படிக்கியா?"

"ரெண்டும்தான்."

அவர் வேட்டி ஓரமாக நின்று பார்த்தார். "அந்த மூலையில ஒரு கை வத்தலக் காணோம்."

"காக்கா மூதி எடுத்திருக்கும். போகுது."

"போகுதா? போன வருசம் ஒரு வத்தலுக்கு என்னைய எவ்வளவு பேசின." மோரை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். நல்ல புளிப்பு, உப்புக் கூட. "இன்னிக்குக் கடைசி நாளில்லா? முடிச்சிட்டியா?"

"ஆறு பக்கம் இருக்கு."

"ஆறு பக்கத்த வச்சுக்கிட்டா மத்தியானத்துலேர்ந்து உக்காந்திருக்க?" அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். "தென்காசியிலேர்ந்து நம்பர் வந்துட்டா?"

"இன்னும் வரல."

"வரும்" என்றார். போகத் திரும்பினவர் நின்றார். "அந்தம்மா வைக்கிற புளியோதரைக்குக் கிட்ட நீ வைக்கிறது ஒருநாளும் வராது வடிவு. அன்னிக்கு நான் வாங்கியிருக்கலாம். உன்னைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்துட்டேன்." சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இந்த மனுஷன் வயிற்றிலும் அது இத்தனை நாளாகக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. போகிற முதுகையே பார்த்தாள். மனசு கொஞ்சம் இலேசாக இருந்தது.

அறுநூற்று ஏழு. தாயம்மை ஈரமான படித்துறையில் முதல் காலை வைக்கிறாள். சண்முகவடிவு அந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பப் படித்தாள். பாசி வழுக்குமே என்று பயமாக இருந்தது, பிறகு இவளுக்கு ஏன் பயம், அந்த எழுத்தாளர் எப்போதோ எழுதி முடித்துவிட்டார், விழுந்தாள் என்றால் விழுந்ததுதான். போன் ஒரு தடவை கீங்கென்றது. நிழலில் சாய்த்துப் பார்த்தாள். உலகம்மாள். '590'. ஐந்நூற்றுத் தொண்ணூறு. நேற்று அறுநூற்று நாலு. தவறாக அடித்திருக்கிறாள். கண் தெரியாமல் ஆறுக்கு ஐந்தை அடித்திருப்பாள், அப்படிப் பார்த்தாலும் அறுநூற்றுத் தொண்ணூறு, அத்தனை பக்கமே இந்தப் புத்தகத்தில் கிடையாது. அப்படியானால் கண் ரொம்ப மோசமா. படிக்கவே முடியாமல் ஏதோ ஒரு எண்ணை அனுப்புகிறாளா. தனியாகக் கிடக்கிறவள், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், அபிநயாவுக்குத் தெரியுமா, சிவராமிடம் சொல்லி அந்தப் பெண்ணிடம் கேட்கச் சொல்லலாமா. கூப்பிட்டுவிடலாம் என்று பெயரைத் தொடப் போனாள். சொல்லுங்க என்றால் என்றுவிட்டுப் போகட்டும், கண்ணுக்கு என்ன என்று கேட்டுவிட்டு வைத்துவிடலாம். அந்த நேரத்தில் இன்னொன்று வந்தது. '571'.

சண்முகவடிவு போனையே பார்த்தாள். அறுநூற்று நாலு, ஐந்நூற்றுத் தொண்ணூறு, ஐந்நூற்று எழுபத்தொன்று. மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பில் கவுண்டரில் போன மாச ரீடிங்கைவிட இந்த மாச ரீடிங் குறைந்திருந்தால், மீட்டர் ஓடுகிறதா திருப்பி ஓடுகிறதா என்று ஆளைக் கேட்டிருக்கிறாள் எத்தனையோ தடவை. திருப்பித்தான் ஓடுகிறது. தப்பு ஒன்றும் இல்லை, கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் வேண்டுமென்றே பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு வாரமாக மூன்று பக்கம், நாலு பக்கம் என்று வந்ததும் புரையால் இல்லை. எடுத்ததை முடிக்காமல் கீழே வைக்கத் தெரியாத உலகம்மாள், சான்றிதழுக்குச் சட்டம் போடுகிறவள், முடித்துவிடக் கூடாது என்று முடிவுக்குக் கிட்டே வந்துவிட்டுத் திரும்பி நடக்கிறாள். எனக்காகவா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்று தானே பதில் சொல்லிக்கொண்டாள். தான் மட்டும்தான் இந்த எண்ணுக்காக விழித்துக் கிடக்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தாள். அங்கே தென்காசியிலும் ஒருத்தி பாயில் உட்கார்ந்து, கட்டைவிரலால் மிச்சப் பக்கத்தைத் தடவிப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான், இந்த ஒரு வருஷத்தில் இப்படி இருந்ததில்லை.

குழுவில் டேனியல் எழுதியிருந்தான். "சண்முகவடிவு அம்மா, உலகம்மாள் அம்மா, உங்க ஜோடி மட்டும்தான் பாக்கி. ஆறு மணிக்குள்ள படம் போட்டுடுங்க, எல்லாரும் காத்திருக்கோம்." அடியில் யார் யாரோ கைதட்டியிருந்தார்கள். முடிந்துபோன ஜோடிகள் எல்லாம் வரிசையாக விரல் விரலாகத் தெரிந்தன. இன்னும் ஐந்து பக்கம்தான். படித்துவிட்டு விரலை வைக்கலாம், ஒரு சவாலாவது ஒழுங்காக முடித்தேன் என்று இருக்கும், ஆவுடையப்பன்கூட ஒரு தடவை சிரிப்பார். சண்முகவடிவு அப்படியும் கொஞ்ச நேரம் யோசித்தாள், இல்லை என்று சொல்ல முடியாது, ஆசை யாரை விட்டது. பிறகு அறுநூற்று ஏழிலிருந்து விரலை எடுத்தாள். இடக்கையால் பக்கங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். தாயம்மை படித்துறையிலிருந்து திரும்பி வீட்டுக்கு ஏறினாள், தண்ணீர் மறுபடி வாசல் வரைக்கும் வந்தது, தோணியை இன்னும் விற்கவில்லை. ஐந்நூற்று எழுபத்தொன்றில் ஒரு சமையல் நடக்கிறது, வெள்ளத்துக்குள் பரண்மேல் அடுப்பு வைத்து நாலு பேருக்குக் கஞ்சி காய்ச்சுகிற இடம். முதல் தடவை வேக வேகமாகத் தாண்டிப் போன இடம் அது, என்ன கஞ்சி என்றுகூட நினைவில்லை. நாற்காலியை நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டாள். போனை எடுத்தாள். இந்தத் தடவை யோசிக்கவில்லை, அடித்து அழிக்கவில்லை.

'571-லயே இருங்க. நானும் அங்க வாரேன்.'

இரண்டு கோடும் நீலமாயிற்று. எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. வேட்டியின் ஓரத்தில் காக்காய் தைரியமாக உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தது, அவள் அதைக் கையால்கூட ஓட்டவில்லை. அங்கேயும் ஒரு விரல் அடித்து அழித்து அடித்துக்கொண்டிருந்தது. பிறகு வந்தது.

'மெதுவா வெயில் தாழ வாங்க. நான் இங்கனதான் இருப்பேன்.'